ஃபிலிம் கேமராவுக்கு ‘3 நாள் செக்கிங் வாரண்டி’ என்றால் வாங்காதீர்கள். எனக்கு ₹13,500 போச்சு

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை என்னை பிளாக் செய்துவிட்டார்கள், இனி யோசிக்க ஒன்றும் இல்லை. ₹13,500. ஒரு பழைய ஃபிலிம் கேமராவுக்கு நான் கொடுத்த பணம். பெயர் போடவில்லை. பழைய கேமராக்களை எங்கெங்கோ வாங்கி, துடைத்து, மர மேசையில் வைத்து அழகாகப் படம் எடுத்துப் போட்டு விற்கிற ஒரு சமூக வலைதளப் பக்கம், அவ்வளவு சொன்னால் போதும். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கேமரா, பென்டாக்ஸ் கே1000. 1976-இல் வந்து 1997 வரை ஓடிய மாடல். முழுக்க மெக்கானிக்கல், உள்ளே போடுகிற பட்டன் செல் வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான், செல் தீர்ந்தாலும் ஷட்டர் அடிக்கும். விஸ்காம் படிக்கும்போது டிபார்ட்மெண்டில் இருந்த கே1000-ஐ ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு அரை மணி நேரம் என்று வாங்கி எடுத்தவன் நான். சொந்தமாக ஒன்று வேண்டும் என்பது அப்போதிருந்தே இருக்கிற ஆசை. போன மாதம் ஊரில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள், அதை ஃபிலிமில் எடுத்து ஆல்பம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அவசரப்பட்டேன்.

மெசேஜ் போட்டதும் பக்கத்தை நடத்துகிற ஆளே வீடியோ காலில் வந்தார். லென்ஸை ஜன்னல் பக்கம் திருப்பி மீட்டர் முள் ஏறி இறங்குவதைக் காட்டினார், லீவரை இழுத்தார், ஷட்டர் வேகத்தை 1/1000-இல், அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் வைத்து போன் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு அடி அடித்துக் காட்டினார். “ப்ரோ, ஃபுல் சிஎல்ஏ பண்ணது, ஃபங்கஸ் கிடையாது, 3 நாள் செக்கிங் வாரண்டி தர்றோம், எங்க அப்பாவும் ஸ்டுடியோதான் வச்சிருந்தார், கேமரா விஷயத்துல பொய் சொல்ல வராது” என்றார். சிஎல்ஏ என்றால் பிரித்து, சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, ஷட்டர் வேகங்களைச் சரிபார்த்துப் பூட்டுவது. ஃபங்கஸ் என்றால் லென்ஸுக்குள் பிடிக்கிற பூஞ்சை. அப்பா ஸ்டுடியோ என்றதும் நான் விழுந்துவிட்டேன். கால் கட் ஆவதற்குள் யூபிஐயில் ₹13,500 போய்விட்டது. பில் கேட்கவில்லை.

கூரியர் வந்தது. பின் கதவைத் திறந்து ஓரத்துக் காடியில் விரல் வைத்தேன், தார் மாதிரி கருப்பாக ஒட்டிக்கொண்டது. போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். “அது சர்வீஸ் கிரீஸ் ப்ரோ, டிஷ்யூல துடைச்சிடுங்க” என்று பதில். துடைத்தேன். இதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது, ஏனென்றால் அது கிரீஸ் இல்லை, கதவு இடுக்கு வழியாக வெளிச்சம் புகாமல் இருக்க வைத்திருக்கிற ஃபோம், வயதாகி மக்கிப் போனால் அப்படித்தான் பிசுபிசுக்கும். மிச்சம் இருந்ததையும் அவர் பேச்சைக் கேட்டு என் கையாலேயே வழித்து எடுத்திருக்கிறேன். சர்வீஸ் செய்தவன் முதலில் மாற்றுவதே அந்த ஃபோமைத்தான்.

காதுகுத்தில் இரண்டு ரோல் கோடாக் கோல்டு 200 எடுத்தேன். கோயில் மண்டபத்துக்குள் 1/60, வெளியே உச்சி வெயிலில் லென்ஸ் துளையை எஃப் 8-இல் வைத்து 1/1000. ஸ்கேன் வந்து பார்த்தால், மண்டபத்துக்குள் எடுத்ததில் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தீப்பட்டது மாதிரி கோடு. வெயிலில் எடுத்ததில் பாதிக்குமேல் ஒரு பக்கம் முழுக் கருப்பு. தாய்மாமன் மடியில் குழந்தை, ஆசாரி குனிந்து ஊசியை எடுக்கிறார், அப்பத்தா குழந்தையின் கையைப் பிடித்திருக்கிறது, அந்தப் படத்தில் அப்பத்தாவின் கை மட்டும் இருக்கிறது, முகம் கருப்புக்குள் போய்விட்டது. அப்பத்தாவுக்கு 88 வயது.

கேமரா விற்ற அந்தப் பக்கத்துக்கு எழுதினேன். முதல் பதில், “லேப்ல சொதப்பியிருப்பாங்க ப்ரோ.” சரி என்று நெகட்டிவை எடுத்துக்கொண்டு லேபுக்கே போனேன். லேப் அண்ணன் லைட் டேபிளில் போட்டுக் காட்டினார்: ஓரத்தில் கம்பெனிக்காரன் அச்சடித்த எழுத்தும் ஃபிரேம் எண்ணும் பளிச்சென்று இருக்கிறது, கழுவியதில் தப்பு என்றால் அதுவும் மங்கியிருக்கும். வெளிச்சக் கசிவு ஃபிலிம் ஓரத்தில் இருக்கிற பல்சக்கர ஓட்டைகள் வரைக்கும் வழிந்திருக்கிறது, அது கதவு வழியாக வந்தது. கருப்பு விழுந்த இடத்தில் நெகட்டிவ் வெறுமையாக இருக்கிறது, அங்கே வெளிச்சமே படவில்லை. இதையெல்லாம் படம் பிடித்து அனுப்பினேன். அடுத்த பதில், “ஃபிலிம் எக்ஸ்பைரி ஆகியிருக்கும்.” டப்பாவில் இருந்த தேதியை அனுப்பினேன். அதற்கு அடுத்தது, “பழைய கேமரான்னா அப்படித்தான் சார் இருக்கும், செக்கிங் வாரண்டி 3 நாள் முடிஞ்சிடுச்சு சார்.” இந்த இடத்தில்தான் ப்ரோ சார் ஆனது. பிறகு, அனுப்பி வையுங்கள், ₹3,500 சர்வீஸ் சார்ஜ் ஆகும் என்றார்கள். ஃபுல் சிஎல்ஏ செய்ததாகச் சொல்லி ₹13,500 வாங்கிய கேமராவுக்கு!

இப்போது அந்த 3 நாள் கணக்கை யோசித்துப் பாருங்கள். ரோல் போட்டு 36 எடுத்து, லேபில் கொடுத்து, ஸ்கேன் கைக்கு வர எனக்கு 11 நாள் ஆனது. 3 நாளில் பார்க்கக்கூடியது மீட்டர் முள்ளும் ‘டக்’ சத்தமும்தான். கே1000-இன் ஷட்டரில் இரண்டு துணித் திரைகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. 1/1000-இல் முதல் திரைக்குப் பின்னாலேயே இரண்டாவது, நடுவில் ஒரு கீற்று மட்டும் விட்டுத் துரத்திக்கொண்டு போகும். எண்ணெய் காய்ந்து முதல் திரை தடுமாறினால் இரண்டாவது வழியிலேயே அதைப் பிடித்துவிடும், கீற்று மூடிவிடும், மிச்ச ஃபிலிம் இருட்டுதான். சத்தம் மட்டும் எப்போதும்போலவே கேட்கும். இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் 3 நாள் என்று வைத்திருக்கிறான்.

பாரிமுனைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். அடித்தட்டைக் கழற்றும் முன்பே ஸ்க்ரூ தலைகளைச் சுற்றிப் படிந்திருந்த அழுக்கைக் காட்டி, “இதை யாரும் தொட்டு 20 வருஷமாவது இருக்கும் தம்பி” என்றார். லென்ஸுக்குள் டார்ச் அடித்தார், ஓரத்தில் நூல் நூலாக ஃபங்கஸ். அவருடைய குரலைப் பதிவு செய்து அந்தப் பக்கத்துக்கு அனுப்பினேன், பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அவர்கள் பதிவின் கீழே ஒரு கமெண்ட் போட்டேன், பத்து நிமிடத்தில் காணோம். இன்று காலை பிளாக். ₹13,500, அதுபோக ரோலுக்கும் கழுவுவதற்கும் ₹3,400.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். லென்ஸைக் கழற்றி, பின் கதவைத் திறந்து, ஜன்னலைப் பார்த்துப் பிடித்து 1/1000-இல் பத்து தடவை அடியுங்கள், போனில் ஸ்லோமோஷன் எடுத்துப் பாருங்கள், ஒரு ஓரம் இருட்டாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 1 செகண்டில் வைத்தால் 1 செகண்டில் மூட வேண்டும், இழுக்கக் கூடாது. காடியில் விரல் வையுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடியுங்கள். அந்தக் கேமராவிலேயே எடுத்த ரோலின் நெகட்டிவைக் கேளுங்கள். பழைய டிஜிட்டல் கேமரா என்றால் உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோய் அங்கேயே எடுத்துப் பாருங்கள். பணத்தை மட்டும் வீடியோ காலில் இருக்கும்போது போடாதீர்கள்.

இப்போது ராத்திரி பதினொன்றரை. நண்பன் ஒருவன் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்கிறான், அதே பக்கத்தில் இன்று மாலை இன்னொரு கே1000 போட்டிருக்கிறார்கள். அதே மர மேசை, ஃபுல் சிஎல்ஏ, ஃபங்கஸ் இல்லை, 3 நாள் செக்கிங் வாரண்டி, விலை ₹14,500. கீழே ஒரு பையன் “இருக்கா ப்ரோ, காலேஜுக்கு வேணும்” என்று கேட்டிருக்கிறான். என்னால் அங்கே பதில் போட முடியவில்லை. அந்தப் பையனைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இதைக் காட்டுங்கள்.