கட்டில் காலுக்குக் கட்டையா, வெட்ஜ் தலகாணியா? ராத்திரி நெஞ்செரிச்சலுக்கு எது செட் ஆகும்

ரெண்டையும் காசு குடுத்து வாங்கி ரெண்டுலயும் படுத்துப் பாத்துட்டேன், அதனால முதல்லயே சொல்லிடறேன், நான் கட்டை கட்சி, அதாவது தலைப்பக்கத்து ரெண்டு கட்டில் காலுக்கும் அடில மரக்கட்டை வெக்கறது. வெட்ஜ், அதான் சரிவா இருக்கற முக்கோணத் தலகாணி, இப்ப எங்க வீட்டு சோபால பையன் சாஞ்சுக்கிட்டு மொபைல் பாக்கறதுக்கு ஆயிடுச்சு. ஆனா கட்டை எல்லார் வீட்டுக்கும் ஒத்து வராது, அது யாருக்குன்னு கீழ சொல்றேன்.

சாப்பாட்டுக் குழாய் இரைப்பைல சேர்ற இடத்துல வால்வு மாதிரி ஒரு தசை இருக்கு, அது தளர்ந்தா ஆசிட் மேல ஏறும். பகல்ல நிக்கறோம் நடக்கறோம், ஏறினாலும் இறங்கிடும், எச்சில முழுங்க முழுங்க மிச்சமும் கழுவிட்டுப் போயிடும். தூங்கும்போது எச்சில் ஊறறதும் கம்மி, முழுங்கறதும் கம்மி, போதாததுக்கு சமமா வேற படுத்திருக்கோம், ஏறுனது அங்கயே நின்னு எரிக்குது. அதான் சாயங்காலம் ஒரு ஏப்பத்தோட போறது நடுராத்திரில தொண்டை வரைக்கும் புளிச்சு எழுப்பி உக்கார வெச்சுடுது. அதுக்குத்தான் தலைப்பக்கம் 6ல இருந்து 8 இஞ்ச் உயர்த்தச் சொல்றாங்க. அந்த உயரத்த எப்படிக் கொண்டு வர்றதுங்கறதுலதான் போட்டியே.

வீட்ல இருக்கற இலவம்பஞ்சு தலகாணிய ரெண்டு மூணு அடுக்கிக்கலாமேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. வேணாம். தலையும் கழுத்தும்தான் ஏறும், நெஞ்சு அதே இடத்துல கிடக்கும், உடம்பு வயித்துகிட்ட மடங்கி அழுத்தம் கூடி இன்னும் மேல தள்ளும், காலைல கழுத்து வலி வேற.

இடது பக்கம் சாஞ்சு படுக்கறத நான் போட்டில சேக்கல, ஏன்னா எத வாங்கினாலும் அதையும் செஞ்சுதான் ஆகணும். இடது பக்கம் படுத்தா குழாய் சேர்ற வாய் ஆசிட் மட்டத்துக்கு மேல இருக்கும், வலது பக்கம் படுத்தா கீழ போயிடும், அவ்ளோதான் கணக்கு. தூக்கத்துல புரளறத யாரு தடுக்கறது, அதான் இது மட்டும் பத்தாது.

மாத்திரைக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் வகையெல்லாம் ஆசிட் சுரக்கறதத்தான் குறைக்கும், மேல ஏறறத நிறுத்தாது. அதுவும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னாடி போட்டாத்தான் ஒழுங்கா வேலை செய்யும், ராத்திரி எரியும்போது எந்திரிச்சுப் போட்டுட்டு கேக்கலையேன்னா எப்படி கேக்கும். ஜெல் சிரப் அப்போதைக்கு அணைக்கும், கொஞ்ச நேரந்தான். மாசக்கணக்கா சாப்பிட்டுட்டு இருக்கறவங்க இதப் படிச்சுட்டு சட்டுன்னு நிறுத்திடாதீங்க, நிறுத்தினா ஆசிட் முன்னவிட அதிகமா சுரந்து படுத்தும், டாக்டர்கிட்ட கேட்டு படிப்படியாத்தான் குறைக்கணும்.

இப்ப வெட்ஜ். ஆன்லைன்ல ஆர்டர் போட்டா வந்துடும், முக்கோணமா நறுக்கின ஃபோம், மெத்தை மேல வெச்சுப் படுத்துக்க வேண்டியதுதான். நமக்கு மட்டும் உயரம், பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல, இது பெரிய பிளஸ், வீட்ல யாரு கூடவும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டாம். கீழ டிராயர் வெச்ச பாக்ஸ் கட்டில்னா கால் கிடையாது, கட்டை வைக்கவே முடியாது, அங்க வெட்ஜ்தான் வழி. வாடகை வீடு மாத்திட்டே இருக்கறவங்களுக்கும் சரி. சரி எங்க இடிக்குது?

நழுவறது. இத ஒண்ண வெச்சுத்தான் நான் முடிவே பண்ணேன். வெட்ஜ் சுமாரா 24 இஞ்ச் நீளம், ஒரு முனை 7 இஞ்ச் உயரம்னு வெச்சுக்கங்க, சாய்வு 15 டிகிரிக்கு மேல போகுது. அதே உயரத்த 75 இஞ்ச் நீளக் கட்டில் பூரா பரப்பிட்டா 5 டிகிரி பக்கந்தான் வரும். பத்து மணிக்கு வெட்ஜ்ல ஜோரா படுப்போம், ரெண்டு மூணு மணிக்குப் பாத்தா உடம்பு கீழ இறங்கி தலை மட்டும் சரிவுல இருக்கும், இல்லன்னா மொத்தமாவே சமதரைக்கு வந்து சேந்திருப்போம். பாதி வழில நின்னுட்டா இன்னும் மோசம், முதுகு வளைஞ்சு வயிறு மடங்கி மேல சொன்ன அடுக்கு தலகாணி கதைதான். முட்டிக்குக் கீழ ஒரு தலகாணி வெச்சா நழுவறது குறையும், எனக்கும் குறைஞ்சுது, ஆனா அப்புறம் இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியல, ஒண்ணு கெடச்சா ஒண்ணு போகுது. கட்டிலையே சாய்ச்சுட்டோம்னா எங்க புரண்டாலும் எவ்ளோ கீழ இறங்கினாலும் சரிவுலதான் இருக்கோம், காலு ஒரு ஜாண் கீழ போயிருக்கும், ஆனா வயித்தவிட நெஞ்சு மேலதான் இருக்கும். தூக்கத்துல நாம எப்படிக் கிடந்தாலும் வேலை செய்யுதாங்கறதுதான் கேள்வி, அதுல வெட்ஜ் தோத்துடுச்சு. குறட்டை விட்டு அசையாம மல்லாக்க தூங்கற ஆளுங்களுக்கு வெட்ஜே போதுமா இருக்கலாம், நான் அந்த ஜாதி இல்ல.

அப்புறம் நம்ம சேலத்து வெயில். ஏப்ரல் மே மாசத்துல அந்த ஃபோம் மேல முதுக வெச்சா வேர்வைல சட்டையே ஒட்டிக்கும், மேல உறைய கழட்டித் தொவைக்கலாம், உள்ள ஃபோம தொவைக்க முடியாது, மொட்டை மாடில காய வெச்சும் அந்த வாடை முழுசா போகல. நடுவுல அமுங்கறதும் லேசா தெரிஞ்சுது, ஆனா நான் வாங்கினது விலை கம்மியானது, நல்ல கெட்டியான ஃபோம் எப்படின்னு என்னால சொல்ல முடியாது.

கட்டைக்கு அம்மாபேட்டைல தெரிஞ்ச ஆசாரிகிட்டப் போனேன். "ஏனுங்க சார் ரெண்டு மட்டும், நாலு காலுக்கும் போட்டாத்தான, கட்டில் சாஞ்சுருமே"ன்னாரு. "சாயறதுக்குத்தாங்கண்ணா கேக்கறேன்"னேன், மேலயும் கீழயும் பாத்துட்டு அறுத்துக் குடுத்தாரு. ரெண்டு வேங்கைத் துண்டு, மேல கால் உக்கார அரை இஞ்ச் குழி. வெட்ஜ் விலைல கால்வாசி கூட ஆகல. செங்கல், ஹாலோ பிளாக் வெச்சாலும் உயரம் வரும், ஆனா குழி இல்லாததால கால் நகந்து விழ வாய்ப்பு இருக்கு, ரிஸ்க் வேணாம். அடிப்பக்கம் பழைய சைக்கிள் டியூப நறுக்கி வெச்சேன், டைல்ஸ் தரைல வழுக்காது, கட்டை இல்லாத கால்மாட்டு ரெண்டு காலுக்கும் டியூப் துண்டு வெக்கணும், இல்லன்னா கட்டில் மெதுவா அந்தப் பக்கமா நகர ஆரம்பிச்சுடும்.

எதிர்ப்பு வீட்டுக்குள்ளதான். "ஏங்க, எரியறது உங்களுக்கு, நான் எதுக்கு சரிவுல படுக்கணும்"னு வீட்டுக்காரி கேட்டா, நியாயமான கேள்விதான், பதில் இல்ல. கொஞ்ச நாள் போனதும் அவ அதப் பத்தி பேசறதே இல்ல, 5 டிகிரி அவ்ளோதான். ஆனா பக்கத்துல படுக்கறவங்களுக்கு கால் வீக்கம், இடுப்பு வலின்னு ஏதாவது இருந்தா கேட்டுட்டு செய்ங்க.

வெளியூர்ல ரெண்டுமே உதவாது. ஏற்காட்டுல ரூம் போட்டா 20 ஹேர்பின் பெண்டு ஏறிப் போற பைக்ல வெட்ஜ எங்க கட்டறது, கட்டையும் அப்படித்தான். அங்க ராத்திரி சாப்பாட்ட ஏழரைக்கே முடிச்சு இடது பக்கம் படுக்கறதுதான். சாப்பிட்டு 3 மணி நேரம் கழிச்சுப் படுக்கணுங்கறது வீட்லயும் ரூல்தான், பத்து மணிக்கு ரெண்டு தட்டுவடை செட் அமுக்கிட்டு வந்து படுத்தா 6 இஞ்ச் கட்டை என்ன பண்ணும்.

ரிமோட்ல தலைப்பக்கம் தூக்கற கட்டில் எல்லாம் வருது, நான் படுத்துப் பாத்ததில்ல, விலையும் எங்கயோ இருக்கு.

இன்னொண்ணு, நெஞ்சு இறுக்கிப் பிடிச்சு கை, தாடைக்குப் பரவுற வலி, கூடவே வேர்வை, மூச்சு வாங்கறதுன்னா கேஸ்னு சோடா குடிச்சுட்டு உக்காராதீங்க, உடனே ஆஸ்பத்திரி. முழுங்கறப்ப அடைக்கறது, எடை தானா குறையறது, மலம் கருப்பா போறது, இதுக்கெல்லாமும் டாக்டரத்தான் பாக்கணும், கட்டை இல்ல.

கட்டை செய்யப் போறவங்க கட்டில் கால் எத்தன இஞ்ச் அகலம்னு அளந்து எடுத்துட்டுப் போங்க, கட்டை அதவிட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்ச் அதிகமா இருக்கணும். 6 இஞ்ச் ஏத்தம் வேணும்னா ஆறரை இஞ்ச்ல அறுக்கச் சொல்லுங்க, குழில அரை இஞ்ச் போயிடும்.