விசைப்பலகைக்காக ஏழு நாள் தடை: பிக்சல் 7ஏ, கிராஃபீன் ஓஎஸ், இரண்டேகால் ஆண்டு

என் பிக்சல் 7ஏ ஃபோனுக்குத் திரை மாற்றி ஒன்பது நாள் ஆகிறது. பொங்கலுக்கு அடுத்த வாரம், பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு வண்டியில் வரும்போது சட்டைப் பையிலிருந்து நழுவியது. பின்னால் வந்த தக்காளி லாரியின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. தவறு முழுக்க என்னுடையது. பொத்தான் இல்லாத பையில் ஃபோனை வைத்துக்கொண்டு குண்டும் குழியுமான சாலையில் போனால் வேறென்ன நடக்கும்?

இந்த மாதிரிக்குத் தருமபுரியில் திரை கையிருப்பில் இல்லை. பெங்களூரிலிருந்து வரவழைக்க நான்கு நாள் ஆனது. பழுது பார்க்கிற தம்பி ரசீதுப் புத்தகத்தை நீட்டினார். பெயர், எண், கோளாறு, முன்பணம், அதற்குக் கீழே ஒன்பது புள்ளிகள். பூட்டுக் கோலத்தை அதில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். எண்ணாக இருந்தால் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். "எழுதமாட்டேன் தம்பி, திரை வந்ததும் சொல்லுங்கள், நானே வந்து உட்கார்ந்து திறந்து காட்டுகிறேன்" என்றேன். "இதுவரை யாரும் எழுதாமல் போனதில்லை அண்ணா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வியந்தார். முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். வீட்டுப் பெண்களின் ஃபோன், மாணவர்களின் ஃபோன், ஒரு காவலருடைய ஃபோன், எல்லாவற்றின் கோலமும் கார்பன் நகலோடு அங்கே இருந்தது.

இந்த ஃபோனின் கேமரா, பேட்டரி, செயலி வேகம் பற்றி எழுதப் போவதில்லை. 2023 மே மாதம் 43,999 ரூபாய்க்கு அறிமுகமானது. நான் அந்த ஆண்டு தீபாவளித் தள்ளுபடியில் வாங்கினேன். வாங்கிய வாரமே கூகுளின் ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு, அந்தரங்கத்துக்கு முன்னுரிமை தரும் இயங்குதளமான கிராஃபீன் ஓஎஸ் போட்டேன். கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுள் ஃபோனா என்று கேட்காத ஆள் இல்லை. வேறு இயங்குதளம் போட்ட பிறகும், ஃபோன் எழும்போது இயங்குதளத்தை ஏற்றுகிற பூட்லோடரைத் திரும்பப் பூட்டிக்கொள்ள விடுகிறது, உள்ளே டைட்டன் எம்2 என்ற தனிப் பாதுகாப்புச் சில்லு இருக்கிறது, 2028 மே வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். இந்த மூன்றும்தான் பதில். பதிலைக் கேட்டுத் திருப்தியடைந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

இரண்டேகால் ஆண்டில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த இன்பம் ஒரு சின்னச் சுவிட்சு. ஒவ்வொரு செயலிக்கும் கேமரா, மைக் அனுமதிபோல இணைய அனுமதியும் தனியாக உண்டு. செயலியை நிறுவும்போதே கேட்கும். வேண்டாம் என்றால் அந்தச் செயலிக்கு வெளியுலகம் கிடையாது. கால்குலேட்டருக்கு எதற்கு இணையம்? டார்ச்சுக்கு எதற்கு? ஆரம்பத்தில் மாலை வேளைகளில் உட்கார்ந்து, தோட்டத்து மடைகளை ஒவ்வொன்றாக அடைப்பதுபோல் அடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

கடைசியில் அடைத்தது விசைப்பலகையை. இந்தக் கட்டுரைக்குக் காரணமும் அதுதான்.

நான் பாலக்கோடு மார்க்கெட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் ஏலம் முடிந்ததும் அன்றைய கூடை விலையை நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குத் தமிழில் அனுப்ப வேண்டும். முதல் தரம், இரண்டாம் தரம், பொடி, வெடிப்பு என்று ரகவாரியாகப் போகும். எதிர்முனையில் "இன்று இறக்கலாமா, நாளைக்குப் பறிக்கலாமா" என்று கேள்விகள் குவியும். ஒரு நாளைக்குச் சராசரி பத்திரிகை நிருபரைவிட நான் அதிகம் தட்டச்சு செய்வேன் என்பது என் நெடுநாள் பெருமை.

ஆண்ட்ராய்டின் திறந்தமூலத்தோடு வரும் விசைப்பலகையில் தமிழ் உண்டு. ஆனால் சொல்லை ஊகித்துத் தராது. கொம்பு, கால், புள்ளி என்று ஒவ்வொன்றையும் தனியாக அழுத்த வேண்டும். வேறொரு திறந்தமூல விசைப்பலகையையும் நான்கு மாதம் வைத்திருந்தேன். குறை சொல்ல மனம் வரவில்லை, யாரோ சம்பளம் இல்லாமல் செய்து தருகிறார்கள். ஆனால் காலை ஏழு மணிக்கு விலைச் செய்தியில் ஒரு சுழியம் கூடிவிட்டால், பென்னாகரத்திலிருந்து ஒரு மினி லாரி வீணாகக் கிளம்பி வந்துவிடும். அப்படி ஒருமுறை வந்தும் விட்டது. வாடகையில் பாதியை நான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டை நிறுவினேன். தமிழ் மொழித் தொகுப்பை இறக்கும்வரை இணையம் கொடுத்தேன், இறங்கியதும் நிறுத்திவிட்டேன். 'thakkali' என்று அடித்தால் தக்காளி வந்து நிற்கிறது. நான் என்ன எழுதுகிறேன் என்பது அதற்குத் தெரியும், வெளியே சொல்லத்தான் வழியில்லை. கதவைச் சாத்திய அறைக்குள் நல்ல எழுத்தரை உட்கார வைத்தது போன்ற சுகம். இரண்டாண்டாக இதுதான் என் தினசரி.

ஃபோன் வாங்கிய புதிதில் ஒரு தமிழ்க் குழுவில் சேர்ந்தேன். அந்தரங்கம், பாதுகாப்பு, இயங்குதளம் இவற்றை மட்டும் பேசுகிற இடம். நிறையக் கற்றுக்கொண்டேன், அதை மறுத்தால் நாக்கு அழுகிவிடும். பூட்டை எப்படி வைப்பது, பதினெட்டு மணி நேரம் திறக்காமல் இருந்தால் ஃபோன் தானாக மறுதொடக்கம் செய்துகொள்வது எதற்கு, எல்லாம் அங்கே கேட்டதுதான். கடையில் நான்கு நாள் கிடந்தபோதும் அது தன்னைத்தானே பூட்டிக்கொண்டு கிடந்தது என்ற தெம்பு அவர்கள் கொடுத்தது.

இந்த மாதம் அங்கே புதிதாக வந்த ஒருவர், "தமிழில் வேகமாக எழுத நீங்கள் என்ன பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டார். நான் பயன்படுத்துவதைச் சொன்னேன். சில நிமிடங்களில் செய்தி நீக்கப்பட்டது. நிரலை வெளியார் பார்க்க முடியாத மூடிய மூல மென்பொருளைப் பரிந்துரைக்கக் கூடாது என்பது நான்காவது விதி. பரிந்துரைக்கவில்லையே, கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்றேன். அட்மின் பொறுமையாகவே விளக்கினார். இணையத்தை நிறுத்தினாலும், ஒரே பயனர் கணக்கில் இருக்கும் செயலிகள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டால் தகவல் பரிமாறிக்கொள்ளலாம். பக்கத்தில் கூகுளின் பின்னணிச் செயலியான பிளே சேவை இணையத்தோடு இருந்தால், விசைப்பலகை அதன் வழியாகத் தூது அனுப்ப முடியும். அவர் சொன்னது சரி. என் முதன்மைக் கணக்கில் பிளே சேவையே இல்லை, அது ரயில் டிக்கெட் செயலியோடு இரண்டாவது பயனர் கணக்கில் தனியாக இருக்கிறது என்று எழுதினேன். "உங்களுக்கு அது தெரியும். படிக்கிற புதியவர் பாதியைச் செய்துவிட்டுப் பத்திரமாக இருப்பதாக நம்புவார்" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

நான் நிறுத்தவில்லை. "நாம் இதைப் பேசிக்கொண்டிருப்பது டெலிகிராமில். இதன் சர்வர் மூடிய மூலம்தான். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்க முடிகிற முனைக்கு முனை மறையாக்கமும் குழு உரையாடலுக்குக் கிடையாது. நான்காவது விதி இந்தக் குழுவுக்குப் பொருந்துமா?" என்று கேட்டேன். ஏழு நாள் பேசத் தடை.

கோபத்தில் வழக்கறிஞர் நண்பரிடம், பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவைப் பற்றிப் புலம்பினேன். இணையப் பதிவுக்காகக் கைது செய்ய விட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-ல் தூக்கி எறிந்ததே, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017-ல் சொன்னார்களே என்று அடுக்கினேன். அவர் சிரித்தார். பேச்சுரிமை அரசைக் கட்டுப்படுத்துவதற்கு, உன் அட்மினை அல்ல. அவர் வீட்டுத் திண்ணை, அவர் இறங்கச் சொன்னால் இறங்கத்தான் வேண்டும் என்றார். சட்டம் அப்படித்தான். திண்ணையிலிருந்து இறங்கியவன் தெருவில் நின்று எழுதுவதையும் அதே சட்டம் தடுக்கவில்லை.

அட்மின்களின் பாட்டையும் சொல்லிவிட வேண்டும். மனைவியின் வாட்ஸ்அப்பை அவருக்குத் தெரியாமல் பார்ப்பது எப்படி என்று கேட்டு வாரம் ஒருவராவது வருகிறார். அழைப்புப் பட்டியல் விற்கிறவன் வருகிறான். இவர்களை உடனுக்குடன் விரட்டுகிற கை கடுமையாகத்தான் இருக்கும். விசைப்பலகை விஷயத்தோடு முடிந்திருந்தால் நானும் ஏழு நாளை விரதம்போல் கழித்திருப்பேன்.

ஆனால் எனக்கு ஆறாதது வேறொன்று. 2025 நவம்பரில் கிருஷ்ணகிரி மாவட்டம் நாகமங்கலம் அருகே, பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியின் குளியலறையில் ரகசிய கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. பெண்கள் இரவில் வெளியே வந்து உட்கார்ந்து போராடினார்கள். என் அக்கா மகள் ஓசூர்ப் பக்கம் வேறொரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், வேறு விடுதியில் இருக்கிறாள். அன்று இரவு அழைத்து, "மாமா, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, எங்கள் அறையில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறையாக்கம் பற்றி அரைமணி நேரம் பேசத் தெரிந்தவனுக்கு அது தெரியவில்லை. குழுவில் கேட்டேன். இரண்டு பேர் பதில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். எல்லாம் நீக்கப்பட்டது: "இயங்குதளம் தொடர்பில்லாதது. உள்ளூர் அரசியல் வேண்டாம்."

சரி, விதி விதிதான் என்று அடங்கினேன். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. புதிய ஃபோன்கள் அனைத்திலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்ற தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு டிசம்பர் முதல் தேதி செய்தியானது. எதிர்ப்பு கிளம்ப, 3-ஆம் தேதி அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது. அந்த மூன்று நாளும் குழுவில் தூக்கமில்லை. ஒரு செய்தியும் நீக்கப்படவில்லை. அட்மினே நீண்ட பதிவுகள் எழுதினார். அவற்றில் எனக்கு உடன்பாடுதான். எனினும் கேட்கத் தோன்றியது: அது மட்டும் அரசியல் இல்லையா? எட்டிப் பார்க்கிற கண் டெல்லியில் இருந்தால் நம் விஷயம், குளியலறைச் சுவரில் இருந்தால் உள்ளூர் விஷயமா? கேட்கவில்லை. அப்போதே கேட்டிருந்தால் தடை அப்போதே கிடைத்திருக்கும், இப்போது விசைப்பலகையின் பெயரால் கிடைத்திருக்காது.

வங்கி பற்றி இரண்டு வரி. என் வங்கியின் செயலி இந்த ஃபோனில் திறக்காது. கூகுள் சான்று பெறாத இயங்குதளம் என்று மறுத்துவிடும். அதே செயலி, 2021-க்குப் பிறகு ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்புகூட வராத என் பழைய ஃபோனில் ஆனந்தமாகத் திறக்கிறது. அதனால் பணத்துக்கு அந்தப் பழையது, மற்றதற்கு இது. இரண்டு பை, இரண்டு சார்ஜர்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்திருந்தாள். புதுத் திரையைப் பார்த்துவிட்டு, "நானும் இதையே வாங்கட்டுமா மாமா?" என்று கேட்டாள். இரண்டேகால் ஆண்டில் ஒருநாளும் நின்று போகாத, என்னை ஒருமுறையும் காட்டிக்கொடுக்காத ஃபோன். நான் வைத்திருந்தவற்றில் இதற்கு ஈடு எதுவுமில்லை. வேண்டாம் என்று சொன்னேன். ஷிஃப்ட் மாற்றம் வாட்ஸ்அப்பில் வருகிறது, சம்பளம் வங்கிச் செயலியில் வருகிறது, சந்தேகம் வந்தால் கேட்க என்னைவிட நல்ல ஆள் அவளுக்கு இல்லை, எனக்கோ கேட்கிற இடத்தில் வாய் கட்டியிருக்கிறது. தவணையில் வாங்கிய அவளுடைய ஃபோனையே வாங்கி, தேவையற்ற செயலிகளின் கேமரா, மைக், இருப்பிட அனுமதிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. இணையத்தை நிறுத்தும் சுவிட்சு அதில் இல்லை. தேடிக்கொண்டே இருந்தேன்.

பூட்டுக் கோலத்தைப் பார்த்தேன், ஆங்கில 'எல்' எழுத்து. எட்டு இலக்க எண்ணாக மாற்றச் சொல்லி, நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

தடை வியாழக்கிழமை முடிகிறது.