முதியோர் இல்லத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு: துணைக்கு யார்?

மறதி நோயுள்ள அம்மாவை இல்லத்திலிருந்து ஓ.பி.க்குக் கூட்டிப்போக இரண்டு வழி: இல்லத்து அட்டெண்டர் போவது, இல்லை நாமே போவது. இரண்டையும் பார்த்தாச்சு.

அட்டெண்டருக்கு உடம்பின் கணக்கு தெரியும். ராத்திரி எத்தனை தடவை எழுந்தார், இன்சுலின் எத்தனை மணிக்குப் போட்டது என்று டாக்டர் கேட்டால் டக்கென்று சொல்வார். வீல்சேரில் தூக்கி உட்காரவைக்கும் லாவகம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் சம்மதப் படிவத்தை நீட்டினால் போனைத் தேடுவார். ஒருமுறை அவர் பில் கட்ட வரிசையில் நிற்க, அம்மா லிஃப்ட் வரை தனியாகப் போய்விட்டார். ஒற்றை ஆளை அனுப்பினால் இதுதான் சிக்கல்.

நாம் போனால் பழைய ஆபரேஷன், பென்சிலின் ஒவ்வாமை எல்லாம் நுனிநாக்கில் இருக்கும். அம்மாவும் அடங்குவார், என் பெயர் மறந்தாலும் முந்தானையை விடமாட்டார். நான் கோட்டைவிட்டது ஒன்று: இன்சுலினுக்குப் பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும். அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியபோதுதான் குளுக்கோஸ் தேடி ஓடினேன்.

ரத்தப் பரிசோதனை, டிரெஸ்ஸிங் என்றால் அட்டெண்டர் போதும். புது டாக்டர், மயக்க மருந்து என்றால் நாம் போகணும், முடிந்தால் அவரும் கூட. சாயங்காலம் குழப்பம் கூடும் என்பதால் காலை அப்பாயின்ட்மென்ட்டாகவே கேளுங்கள்.