காய்கறி மசிக்க ஹேண்ட் பிளெண்டர்: வாங்கலாமா?

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மிக்சி இருக்க, கையில் பிடித்துப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டு மசிக்கும் ஹேண்ட் பிளெண்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்குங்கள். நான் நாகர்கோவிலில் வாங்கியது 600 வாட், எவர்சில்வர் தண்டு கழற்றி மாட்டும் வகை. விலை 2,000 ரூபாய்க்குள் முடிந்தது.

மனைவி நர்ஸ், டியூட்டி மாறி மாறி வரும். அதனால் மகனுக்குச் சோறு கொடுப்பது பெரும்பாலும் என் வேலை. 4 வயது. குழம்பில் ஒரு கேரட் துண்டு கண்ணில் பட்டால் தட்டையே தள்ளிவிடுவான். அவனுக்குக் காய்கறியை மசித்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டியிருக்கிறது. மிக்சியில் கொஞ்சமாகப் போட்டால் பாதி ஜார் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டால் ஓடும், ஆனால் விழுது நீர்த்துப்போகும். சூடாக மூடி போட்டு அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிவிடும், அது ஆபத்து. ஹேண்ட் பிளெண்டரையோ காய் வெந்த பாத்திரத்திலேயே இறக்கிவிடலாம். ஒரு பிடி காய் என்றாலும் வெண்ணெய் போல மசிகிறது. திப்பி நாக்கில் தட்டுப்படாமல் இருப்பதுதான் இதில் எல்லாமே.

மீன் குழம்பில்தான் இதன் அருமை தெரிகிறது. நம் பக்கத்துக் குழம்பு தேங்காய் அரைத்துக் கெட்டியாக வைப்பது. மஞ்சள் பூசணியை ஆவியில் வேகவைத்து மசித்து, தேங்காய் அரைப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டேன். நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை, பூசணியின் இனிப்பைப் புளியும் மிளகாயும் அடக்கிவிட்டன. மகன் சம்பா சோற்றில் பிசைந்து இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பூசணி, கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். அதைத் தேங்காயே தந்துவிடுகிறது. கேரட்டை ஆப்ப மாவிலும், பீட்ரூட்டைத் தோசை மாவிலும் கலக்கிறேன். பீட்ரூட் தின்றபின் பிள்ளைக்குச் சிறுநீர் சிவந்து போனால் பயப்பட வேண்டாம், சிலருக்கு அப்படி வரும்.

வடசேரி கனகமூலம் சந்தைக்குப் போய் வந்த அன்றே மொத்தமாக மசித்து, ஐஸ் டிரேயில் உறைய வைத்து, கட்டிகளைக் கவரில் மாற்றி ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். காலையில் இரண்டு கட்டியை எடுத்தால் போதும்.

குறைகளும் உண்டு. முருங்கைக்கீரையைக் காம்போடு போட்டால் நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும், இலையை மட்டும் உருவிப் போடவேண்டும். பச்சைக் கேரட் மசியாது. தேங்காய் அரைப்புக்கு மிக்சியேதான். ஒரு நிமிடத்துக்கு மேல் விடாமல் ஓட்டினால் மோட்டார் சூடாகிறது, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். வயர் குட்டையாக இருப்பதால் அடுப்புப் பக்கம் எட்டுவதில்லை. பாத்திரத்தை பிளக் இருக்கும் இடத்துக்குத் தூக்க வேண்டியிருக்கிறது. பிளேடு முழுதும் முங்கிய பிறகே சுவிட்சை அழுத்துங்கள், இல்லையென்றால் சட்டையெல்லாம் தெறிக்கும்.

இப்படி மறைத்தே கொடுத்தால் பிள்ளை காயைக் காயாகத் தின்னப் பழகுமா என்று என் அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மழலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் உணவில் விழுதைக் கலந்தபோது அவர்கள் சாப்பிட்ட காய்கறி அளவு கணிசமாகக் கூடியது. தட்டில் தனியாக வைத்த காயைத் தின்பதும் குறையவில்லை. நானும் தட்டில் ஒரு ஓரமாக அவியல் வைக்காமல் விடுவதில்லை. இப்போதைக்கு அவன் அதிலிருக்கும் ஏத்தங்காயை (நேந்திர வாழைக்காயை) மட்டும் பொறுக்கித் தின்கிறான்.

வாங்கப் போனால் தண்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பிளாஸ்டிக் தண்டு மலிவாகக் கிடைக்கும், ஆனால் மஞ்சள் கறை பிடித்தால் போகாது, கொதிக்கிற குழம்புக்குள் விடவும் மனம் வராது. இருநூறு முன்னூறு கூடப் போனாலும் எவர்சில்வரே எடுங்கள்.