ஏரியைச் சுற்றி நடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கொடைக்கானல் ஏரியை ஒருமுறை நடந்து சுற்றி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று, நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வரவேற்பு மேசையில் கேட்டேன். அங்கே இருந்த இளைஞர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதுக்கு சார் நடக்கணும்? அம்மா வேற கூட இருக்காங்க. வண்டி சொல்லிடறேன், பன்னிரண்டு பாயின்ட்டையும் மதியத்துக்குள்ள காட்டிடுவாங்க" என்றார். நடக்கத்தான் வந்திருக்கிறோம் என்று விளக்கினேன். "அப்ப குதிரை சொல்லட்டுமா சார்?" என்று அக்கறையோடு கேட்டார். குதிரையும் வேண்டாம் என்றதும், இழுப்பறையிலிருந்து அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். தூண் பாறை, குணா குகை, பைன் காடு, பிரையன்ட் பூங்கா என்று இடங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே வண்டி எத்தனை நிமிடம் நிற்கும் என்று போட்டிருந்தது. கோக்கர்ஸ் வாக்குக்குப் பதினைந்து நிமிடம். 1872ஆம் ஆண்டு கோக்கர் என்ற அதிகாரி மலைச்சரிவின் விளிம்பை ஒட்டி நடப்பதற்கென்றே அமைத்த, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைகூட வண்டி நின்று கிளம்பும் இடங்களில் ஒன்றாகிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். அந்த இளைஞர் மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் மேலாளரும், வாசலில் நின்ற ஓட்டுநரும், காலை உணவு பரிமாறியவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்துகொண்டு, நடையில் என்னென்ன சிரமங்கள் உண்டு என்று எடுத்துச் சொன்னார்களே தவிர, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், வழியில் உட்கார இடம் உண்டா, கழிப்பறை எங்கே இருக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்கு ஒருவரிடமும் விடை இல்லை. ஏரி, அவர்கள் நின்றுகொண்டிருந்த வாசலிலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

நான் பின்லாந்தில் வசிக்கிறேன். அந்த நாட்டில் ஏரிகளின் எண்ணிக்கை சுமார் 1,88,000. ஹெல்சிங்கியை அடுத்த எஸ்போவில், 1994இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நூக்சியோ காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு வரைபடம் இருக்கும்; எந்த வழி எத்தனை கிலோமீட்டர் என்று அதிலேயே எழுதியிருக்கும்; அந்த வழிக்குரிய நிறத்தில் குறிகள் கண்ணில் பட்டுக்கொண்டே வரும். சதுப்பு நிலம் குறுக்கிட்டால் பலகை போட்டிருப்பார்கள். தீ மூட்ட அனுமதிக்கப்பட்ட இடங்களில் விறகு அடுக்கி வைத்திருப்பார்கள், அதற்குக் கட்டணமும் இல்லை. பிறருக்குச் சொந்தமான காட்டிலும் நடக்கவும் காட்டுப்பழங்கள் பறிக்கவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது அங்கே நெடுங்கால உரிமை. ஆனால் அந்தக் காட்டில் மணிக்கணக்காக நடந்தாலும், எதிரே வருபவர் தலையசைத்துவிட்டுப் போவாரே ஒழிய, இது என்ன மரம் என்று சொல்ல ஒருவர் வாய்ப்பது அரிது.

மதுரை வரை வந்த கதையும், 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு வரும் வண்டிகளுக்குத் தேவைப்படும் இ-பாஸ் வாங்கிய கதையும் சொல்லத்தக்கவை அல்ல. எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. வத்தலக்குண்டில் தேநீர், வெள்ளி அருவியில் வண்டியை நிறுத்துதல் போன்ற பழைய சடங்குகளையும் என் தாயார் ஒன்று விடாமல் நடத்திவைத்தார்.

ஏரியை நாங்களாகவே சுற்றினோம். சுற்றுச் சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். எழுபதைக் கடந்த என் தாயார் இரண்டு இடங்களில் உட்கார்ந்து எழுந்தும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார், ஆகவே விடுதிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் குறித்துக்கொள்ளலாம். 1863இல், மதுரையில் ஆட்சியராக இருந்த லெவின்ஜ் ஓடையை மறித்துக் கரை கட்டியதால் உண்டான ஏரி இது. நட்சத்திர வடிவம் என்று பள்ளியில் படித்தது, ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் கண்ணுக்கு மறைந்து மறுபடி தோன்றும்போதுதான் விளங்குகிறது. விடிந்து சிறிது நேரம் வரை அந்தச் சாலை நடப்பவர்களுக்கு உரியது. அதன்பின் வாடகை மிதிவண்டிகளும் குதிரைகளும் வந்துசேர, அவற்றுக்கு நடுவே ஒலிப்பானை அழுத்தியபடி வண்டிகள் நுழைகின்றன. நடைபாதையோ சில இடங்களில் கடைகளுக்கு அடியில் புகுந்து காணாமற்போகிறது. நாங்கள் சுற்றி முடித்தபோது, இதற்காகவா இத்தனை தொலைவு வந்தோம் என்று என் மகள் பின்னிய மொழியில் கேட்டாள். நல்ல வேளையாகப் பாட்டிக்கு அது புரியவில்லை.

அவள் கேள்விக்கு மறுநாள் காட்டில் விடை கிடைத்தது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் பலர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடப்பதற்கு விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் நாற்பது வழிகளை அறிவித்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைப்படுத்தி, இணையத்தில் பதிவு செய்துகொண்டு வழிகாட்டியுடன் மட்டுமே போகலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். காட்டில் நடக்கக் காவலா என்று, உண்மையைச் சொன்னால், பதிவு செய்யும்போது நான் முணுமுணுத்தேன். தாயாரை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு நானும் மகளும் மட்டும் போனோம்.

வழிகாட்டி மலையிலேயே பிறந்து வளர்ந்த, பளியர் பழங்குடியைச் சேர்ந்த இளைஞர். புறப்படும் முன் எங்கள் பைகளைத் திறக்கச் சொல்லி நெகிழிப் பொருள் இருக்கிறதா என்று பார்த்தார். "எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்று நான் பழைய கேள்வியைத் தொடங்கியதும், "நீங்க வேகமா நடந்தா ரெண்டு மணி நேரம் அண்ணா, பாத்துப் பாத்து நடந்தா நாலு. நடுவுல மாடு நின்னா அதுக்குக் கணக்கு இல்ல" என்றார். இவ்வளவு தெளிவான விடை அந்த ஊரில் எனக்கு வேறு யாரிடமும் கிடைக்கவில்லை.

மாடு நிற்கவே செய்தது. பைன் மரங்களைத் தாண்டிப் பாதை ஒரு புல்வெளியில் திறக்கும் இடத்தில் அவர் சட்டென்று கையை உயர்த்தினார். எதிரே, ஐம்பதடிக்குச் சற்று அப்பால், வெள்ளைக் காலுறை அணிந்ததுபோல் முழங்காலுக்குக் கீழே வெளுத்த கால்களோடு ஒரு காட்டுமாடு மேய்ந்துகொண்டிருந்தது. பின்வாங்கி ஒரு பாறைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்; உட்கார்ந்தோம். அது நகரும் வரை ஏறத்தாழ அரை மணி நேரம் தாழ்ந்த குரலில் அவர் சொன்னவற்றையெல்லாம் என் மகள் பிறகு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தாள். பள்ளத்தில் அடர்ந்திருக்கும் குட்டை மரங்கள்தான் சோலை. மேட்டில் புல் மட்டும் நிற்பதற்குக் காரணம், பனிக்காலத்தில் உறைபனி விழுந்து மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவது. புல்லும் சோலையும் சேர்ந்து மழைநீரைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடுவதால்தான் கீழே மஞ்சளாறு போன்ற ஆறுகளுக்குத் தண்ணீர். தோல் பதனிடத் தேவைப்பட்ட பட்டைக்காகக் கொண்டுவந்து நட்ட, வாட்டில் எனப்படும் சீகை மரங்கள் இன்று யாரும் நடாமலே பரவிப் புல்வெளியைத் தின்கின்றன என்று, அவை தன் வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்துவிட்டவை போன்ற எரிச்சலோடு சொன்னார். நாங்கள் பச்சைப் பசேலென்று வியந்து படமெடுத்த சரிவு முழுவதும் சீகைதான்.

சோலைக்குள் ஏதோ பறவை கூட்டமாகக் கத்தியது. பழனி மலையைச் சேர்ந்த சிரிப்பான் என்றார். இடுப்பளவு உயரப் புதர் ஒன்றைக் காட்டி, 2018இல் இந்தச் சரிவே நீலமாக இருந்தது, குறிஞ்சி அடுத்து 2030இல்தான் பூக்கும் என்றார். அந்த ஆண்டு தனக்கு என்ன வயதாகும் என்று என் மகள் விரல்விட்டு எண்ணினாள். ஒன்பது வயதிலிருந்து நூக்சியோவில் நடந்து பழகியவள்; அங்கே நிறக்குறிகளைப் பின்பற்றி எனக்கு முன்னால் ஓடிவிடுவாள். இங்கே நான்கு மணி நேரமும் வழிகாட்டியின் அருகிலிருந்து விலகவே இல்லை. யானையும் காட்டுமாடும் உலவும் காட்டில் பலகையை நம்பி நடக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊருக்கு நடுவே, ஏரிக்கரையில், தூரத்தையும் நேரத்தையும் எழுதி ஒரு பலகை நட எந்தக் காட்டுமாடு தடுக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஜூன், ஜூலை விடுமுறையில் வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் மூடுபனியும் தூறலும் இருந்தாலும் நடக்கத் தடையில்லை. இந்த மலைக்குக் கனமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஈரம் இருக்கும் நாட்களில் அட்டைகள் ஏறும், ஆகவே முழங்கால் வரை காலுறை வேண்டும். தீப்பருவம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டு வழிகளை மூடிவிடுகிறார்கள் என்பதால், பங்குனியில் கல்யாணத்துக்கு வருபவர்கள் காட்டை மறந்துவிட்டு, விடிகாலையில் ஏரியையும் கோக்கர்ஸ் வாக்கையும் நடந்து முடித்துக்கொள்ளலாம். வண்டிக்காரர்கள் எழுந்திருப்பதற்குள் இரண்டும் முடிந்துவிடும்.