எத்தனை பேட் என்று சத்தமாகக் கேட்கும் சிஸ்டர்: இரண்டு வருட அனுபவம்

பேங்கில் என்னோடு வேலை பார்த்த நண்பருக்கு புராஸ்டேட் பயாப்சி ரிசல்ட் வந்திருக்கிறது. இரண்டு வருடம் முன்பு எனக்கும் கேன்சருக்காக புராஸ்டேட்டை எடுத்தார்கள் என்பதால், ரோபோ ஆபரேஷன் எப்படி, டாக்டர் எப்படி என்று நேற்று கேட்டார். டாக்டர் கைராசிக்காரர்தான், ஆனால் நான்கு நிமிடத்துக்கு மேல் கிடைக்கமாட்டார். மிச்சத்துக்கு யூராலஜி ஓ.பி. சிஸ்டர்தான் கதி. அதனால் அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் என் வயிற்றெரிச்சல். அவருக்கு மெதுவாகப் பேச வராது. முப்பது பேர் உட்கார்ந்திருக்கிற வராண்டாவில், ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, ஒரு நாளைக்கு எத்தனை பேட்?" என்பார். யூரின் ஒழுகலுக்கு வைக்கும் பேடைத்தான். மேனேஜராக இருந்தபோது நான் கடன் தர மறுத்த ஒருவர் அன்று எதிர் நாற்காலியில் இருந்தார். ஐந்து விரலைக் காட்டினேன். "அஞ்சா? நைட்டையும் சேர்த்தா?" புகார்ப் பெட்டியில் எழுதியே போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை.

சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் எனக்கு யூரின் டியூப் பத்து நாள் இருந்தது. யூரின் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும், தொடையில் டியூபை ஒட்டும்போது கொஞ்சம் தளர்வு விட வேண்டும் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் கிடையாது. அவர் வாயால் வந்ததுதான். "ரோஸ்மில்க் கலர்ல வந்தா தண்ணி குடிங்க. கட்டி கட்டியா வந்தாலோ, பையில இறங்காம நின்னாலோ உடனே கிளம்பி வாங்க." மூன்றாம் நாள் ராத்திரி ரோஸ்மில்க் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். அன்றிலிருந்து ரோஸ்மில்க் குடிப்பதில்லை.

டியூப் எடுத்தபின் ஒழுக ஆரம்பித்தது. இடுப்பின் அடித்தளத் தசையை இறுக்கி விடும் பயிற்சியை டாக்டரும் சொல்லியிருந்தார். சிஸ்டர்தான் பேடை எடை போடச் சொன்னார். நனைந்ததன் எடையில் காய்ந்ததைக் கழித்தால் எத்தனை கிராமோ, ஏறக்குறைய அத்தனை மில்லி. மைசூர்பாகுக்கு மாவு நிறுக்கும் தராசை மனைவி தர மறுத்ததால் புதிதாக ஒன்று வாங்கினேன். நோட்டில் 300, 260, 190 என்று இறங்குவதைப் பார்ப்பதில் இருந்த தெம்பு எந்த ஆறுதல் வார்த்தையிலும் இல்லை. டாக்டரிடம் நான் வாயே திறக்காத தாம்பத்திய விஷயத்தையும் அவரே கேட்டார். அதை மட்டும் கதவைச் சாத்திவிட்டு.

எட்டாவது மாதம் அவர் லீவு. அவருக்குப் பதிலாக மெல்லிய குரலில் ஒரு சின்னப் பெண், "எல்லாம் ஓகேவா சார்?" என்றாள். அப்பாடா என்றிருந்தது. ஓகே என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓகே இல்லை என்பது எனக்கே தெரியாது. அடுத்த முறை பழைய குரல்: "ஒழுகல் நின்னுருச்சா? சந்தோஷம். போற வேகம் எப்படி, நூல் மாதிரியா?" நூல் மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது, முக்கி முக்கி. புராஸ்டேட்டை எடுத்துவிட்டு யூரின் பாதையில் தையல் போட்ட இடம் சுருங்கியிருந்தது. உள்ளே கருவி விட்டு விரித்துவிட்டார்கள். ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்க வேண்டியது.

கேன்சர் திரும்புகிறதா என்று பார்க்கும் ரத்த டெஸ்டான பி.எஸ்.ஏ. இதுவரை 0.1-க்குக் கீழேயே இருக்கிறது. அந்த சிஸ்டருக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. மரியாதை என்று ஒன்று இருக்கிறதில்லையா?

அடுத்த டெஸ்ட் வரும் மாதம். அவருக்கு எந்தக் கிழமை டூட்டி என்று ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் தேதி வாங்கியிருக்கிறேன்.