பந்தலில் எதை ஏற்றுவது: பீர்க்கையா, கோவையா?

சர்க்கரை நோயின் எல்லையில் நிற்பதாக ரத்தப் பரிசோதனை சொன்ன நாளிலிருந்து மதியச் சோற்றை ஒரு அகப்பையாகக் குறைத்துவிட்டேன். சோறு போன இடத்தைக் காய்தான் நிரப்ப வேண்டும். ஒரு வேளைக்குக் கால் கிலோவாவது தேவைப்படுகிறது. சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுப் புறவாசலில் பத்துக்குப் பத்தடியில் ஒரு கம்பிப் பந்தல் உண்டு. முதல் ஆண்டு அதில் பீர்க்கை ஏற்றினேன், ஓரத்தில் ஒரு புடலை. அடுத்த ஆண்டு கோவை. இன்று பந்தல் முழுக்கக் கோவைதான். பீர்க்கை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட்டது.

மாவுச்சத்துக் கணக்கில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. 100 கிராம் காயில் எல்லாமே 3 முதல் 4 கிராம்தான். அதே எடை வெந்த சோற்றில் 28 கிராம் அளவுக்கு இருக்கிறது. ருசியில் பாசிப்பருப்புக் கூட்டுக்குப் பீர்க்கையை மிஞ்ச எதுவும் இல்லை. தோலும் வீணாகாமல் துவையலாகிவிடும். கசப்பு மட்டும் கவனிக்க வேண்டும்: நறுக்கும்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுவது நல்லது. அந்தக் கசப்பு வயிற்றைப் பதம் பார்த்துவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். பீர்க்கையை ஆடியில் விதைத்தால் ஐம்பது நாளில் முதல் காய் வரும். அதற்குள் நமக்கு நிறைய வேலை வைக்கும். பூ மாலை ஐந்து மணிக்கு மேல்தான் விரிகிறது. ஆண் பூக்கள் கொத்தாக முதலில் வந்துவிடும். பெண் பூ பிறகுதான், தனியாக, அடியில் குட்டிக் காயோடு வரும். அந்திப்பூச்சி வராத நாட்களில் நானே ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூவின் நடுவில் தடவிவிட்டேன். அப்படி ஒட்டிய பிஞ்சைப் பழ ஈ குத்தினால் கோணிக்கொண்டு அழுகிவிடும், அதனால் ஒவ்வொன்றுக்கும் செய்தித்தாளில் ஒரு கூம்பு சுற்ற வேண்டியிருந்தது. போதாததற்கு நம் பக்கத்து ஆடிக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று இளங்கொடியின் பற்றுக்கம்பிகளைப் பிய்த்துப் போட்டுவிடுகிறது. மூன்று முறை கொடியை மறுபடி கட்டினேன்.

இவ்வளவு செய்தும் நாலு மாதத்தில் கொடி காய்ந்துவிட்டது. மறுபடி விதைத்து, மறுபடி ஐம்பது நாள் காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளிதான் என்னைத் தோற்கடித்தது. வீட்டில் காய் இல்லாத வாரத்தில் கை தானாகச் சோற்றுப் பானைக்குப் போய்விடுகிறது. கடையில் வாங்கலாம்தான்; ஆனால் பறித்துக்கொள்ளக் கொல்லையில் காய் தொங்கும் நாளில் வருகிற உறுதி, மார்க்கெட்டுக்குப் பை தூக்கும் நாளில் எனக்கு வருவதில்லை.

கோவையை நான் தொடங்கியதே தவறாகத்தான். கன்னடியன் கால்வாய்க் கரை வேலியில் படர்ந்திருந்த கொடியில் ஒரு குச்சியை ஒடித்து வந்து நட்டேன். பந்தலே மூடும் அளவுக்குப் படர்ந்து வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது. மூன்று மாதம் ஆகியும் ஒரு காய் இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "பூவுக்கு அடியில் பிஞ்சு இருக்கிறதா என்று பார்த்தாயா, ஐயா?" என்று கேட்டார். ஒரு பூவைத் திருப்பிப் பார்த்தேன், வெறும் காம்புதான். கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. நான் நட்டது ஆண். அன்றே பிடுங்கிவிட்டு, ஆச்சி தன் வீட்டில் காய்க்கும் கொடியிலிருந்து வெட்டிக் கொடுத்த, பென்சில் கனத்தில் நாலு கணு உள்ள இரண்டு குச்சிகளை நட்டேன். விதை போட்டும் வளர்க்கலாம்; ஆனால் ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது.

இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு நான் செய்வது தண்ணீர் விடுவதும், ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பதும்தான். நானாக மகரந்தம் தடவ வேண்டியதில்லை, காகிதக் கூம்பும் தேவைப்படவில்லை. காற்றில் இலை உதிர்ந்தாலும் கணுவில் மறுபடி துளிர்த்துவிடுகிறது. மார்கழியில் காய் மெலிந்தது, ஆனாலும் நிற்கவில்லை. பறிக்க மறந்த காய் உள்ளே சிவந்துவிடும், அது கிளிகளுக்கு.

சமையலில் நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. காயை வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நாலாகக் கீறி, இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, மூடி போடாமல் வதக்க வேண்டும். உப்பைக் கடைசியில் போட வேண்டும். மூடினால் நீர் விட்டுக் குழைந்துவிடும். ஓரம் பழுப்பேறி, கடிக்கும்போது நறுக்கென்று இருக்கும் அந்த வதக்கலின் மேல், உருளைக்கிழங்கு போடாத சொதியை ஊற்றிச் சாப்பிடுகிறேன். முதல் தேங்காய்ப்பாலும் இறக்கியபின் பிழிந்த எலுமிச்சையும் காயில் இறங்கிவிடுவதால் சோறு நினைவுக்கே வருவதில்லை. பீர்க்கையில் இதைச் செய்து பார்த்தேன். அரைக் கிலோ காய் ஒரு கைப்பிடியாகச் சுருங்கி, சொதியோடு கரைந்தே போயிற்று.

கோவை சர்க்கரையைக் குறைக்கும் என்று பலர் சொல்கிறார்கள். 2008இல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்றில் 60 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்குக் கோவைச் செடியிலிருந்து பிரித்த சத்தை நாளுக்கு 1 கிராம் வீதம் 90 நாள் கொடுத்தார்கள். அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 16 சதவீதம் குறைந்தது. அது செறிவாக்கிய சத்து. என் தட்டில் இருப்பது வதக்கல். என் அளவு குறைந்ததற்கு முதல் காரணம் சோற்றைக் குறைத்ததுதான் என்று நினைக்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி அதை நிறுத்திவிடக் கூடாது.

புடலையை ஒரே ஒரு பருவம்தான் வளர்த்தேன். காய் நேராக இறங்க நுனியில் கல் கட்டிவிட்டது நினைவிருக்கிறது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. என் கோவைக்கும் ஒன்றரை வயதுதான். மூன்று நான்கு ஆண்டு நன்றாகக் காய்த்த பிறகு விளைச்சல் இறங்கும் என்கிறார் ஆச்சி. அதை நான் இன்னும் பார்க்கவில்லை. பந்தலை நாலு மாதம் மட்டும் விடக்கூடியவர்களும், மாலையில் பூவோடு அரைமணி நேரம் செலவிடப் பிடித்தவர்களும் பீர்க்கையையே போடலாம். நானும் அந்த மூலையில் ஒரு கொடியை விட்டு வைத்திருக்கிறேன், துவையலுக்காக.